வீட்டில் ஒரே போன், பிளஸ் டூ பரீட்சை: எப்படிச் சமாளிப்பது

போன மாதம் ட்யூஷனுக்கு வரும் ஒரு பையனின் அம்மா வந்தார். "சார், இவன் கையில இருக்கிற போனைப் பிடுங்கி உள்ளே வைக்கட்டுமா, இல்ல படிக்கத்தான் வச்சிருக்கேன்னு சொல்றானே, விட்டுடட்டுமா?" என்றார். பையனிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்று கேட்டேன். "ஒன்றரை மணி நேரம் இருக்கும் சார்." ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ் உள்ளே டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து காட்டச் சொன்னேன். முந்தின நாள் கணக்கு 4 மணி 50 நிமிடம், போனைத் திறந்த தடவை 112. அவன் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. யூடியூப் மட்டும் 2 மணி 40 நிமிடம், அதில் இயற்பியல் எவ்வளவு தம்பி என்றதும் அவனே சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை.

நான் விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன்தான், அதுவும் அப்பா வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்தால்தான் கையில் கிடைக்கும். பிடுங்கி வை என்றும் நான் சொல்வதில்லை, தாராளமாகக் கொடு என்றும் சொல்வதில்லை. போன் பாடம் நடத்துவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதால் பெரிதாக ஒன்றும் மண்டையில் ஏறுவதில்லை என்பது என் அனுபவம். அதே போனை நம்மிடம் கேள்வி கேட்க வைக்கலாம், நாம் சொன்னதை நமக்கே திருப்பிக் காட்ட வைக்கலாம், நேரத்தை ஞாபகப்படுத்த வைக்கலாம். இதற்கெல்லாம் தினமும் முக்கால் மணி நேரம் போதும், எட்டு மணிக்குக் கிடைக்கிற போனே தாராளம்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம்

ஒரு வாரம் சும்மா கணக்கு மட்டும் பாருங்கள். தினமும் தூங்கப் போகுமுன் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து மொத்த நேரம், அதிகம் சாப்பிட்ட ஆப் எது, எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள் என்ற மூன்றையும் ஒரு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். ஐபோன் என்றால் ஸ்க்ரீன் டைம் என்று இருக்கும். அதிலேயே வாரக் கணக்கு வருமே, எதற்குக் கையால் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். திரையில் பார்ப்பதை மறந்துவிடலாம், நம் கையெழுத்தில் 4.50, 5.10, 4.35 என்று வரிசையாக இருந்தால் கொஞ்சம் உறுத்தும். அப்பா போன் என்றால் அப்பா பார்த்ததும் சேர்ந்தே வரும், அப்போது மொத்தத்தை விட்டுவிட்டு நீங்கள் கையில் எடுத்த நேரத்தையும் கீழே வைத்த நேரத்தையும் குறித்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேர வேலை

அடுத்தது போனைச் சுத்தம் செய்வது. வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்தில் மீடியா ஆட்டோ டவுன்லோடு இருக்கும், எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், குட் மார்னிங் படங்களுக்குச் செலவாகும் டேட்டா மிச்சம். வகுப்பு குரூப்பை மியூட் செய்துவிட்டு ராத்திரி ஒரு தடவை மட்டும் பாருங்கள். நோட்டிஃபிகேஷனில் போன் கால், குறுஞ்செய்தி தவிர மிச்சத்தை அணைக்கலாம்.

யூடியூபுக்கு ஒரு வழி இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திவிட்டு, பழைய ஹிஸ்டரியையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் காலியாகிவிடும், எதையும் சிபாரிசு செய்யாது, தேடினால்தான் வீடியோ வரும். காஸ் விதி என்று தேடப் போனவனை இழுத்து உட்கார வைப்பது அந்த முகப்புப் பக்கம்தான். ஆட்டோபிளேயையும் அணையுங்கள். ஷார்ட்ஸ் பட்டன் அப்படியேதான் இருக்கும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அப்பா போனில் அப்பாவின் ஹிஸ்டரியை அழித்தால் வீட்டில் சண்டை வரும். அதற்குப் பல ஆண்ட்ராய்டு போன்களில் மல்டிபிள் யூசர்ஸ் என்ற வசதி இருக்கிறது, செட்டிங்ஸில் யூசர்ஸ் என்று தேடிப் பாருங்கள், உங்கள் பெயரில் தனி அறை மாதிரி ஒன்று திறந்து கொடுக்கும். அதில் உங்களுக்கு வேண்டிய ஆப் மட்டும் இருக்கும், அப்பாவின் பேங்க் ஆப்பும் வாட்ஸ்ஆப்பும் கண்ணிலேயே படாது. சில கம்பெனி போன்களில் இந்த வசதியை எடுத்துவிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் தனி மெயில் ஐடி ஒன்று தொடங்கி யூடியூபில் மட்டும் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆப் டைமர் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், இன்ஸ்டாவுக்கு 20 நிமிடம் என்று வைத்தால் முடிந்ததும் ஆப் மூடிக்கொள்ளும். நாமே வைத்த டைமரை நாமே எடுக்கவும் முடியும் என்பதால் பூட்டு என்று அதை நம்ப வேண்டாம், தெருவில் ஸ்பீடு பிரேக்கர் போட்ட மாதிரி வேகம் குறையும், அவ்வளவுதான்.

ஒரு மார்க், இரண்டு மார்க்: கார்டு போடுங்கள்

இங்கேதான் போன் உண்மையிலேயே உதவுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் இயற்பியல் வினாத்தாளில் எழுத்துத் தேர்வு 70 மார்க். ஒரு மார்க் 15, இரண்டு மார்க்கில் 6, மூன்று மார்க்கில் 6, ஐந்து மார்க்கில் 5 எழுத வேண்டும். அதாவது ஒரு மார்க்கும் இரண்டு மார்க்கும் சேர்ந்தே 27 வந்துவிடுகிறது. இந்த 27-க்குப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், மூடி வைத்துக் கேட்டால் வராது. ரோடிகர், கார்ப்பிக்கி என்று இரண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பவும் படித்தது, இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் தலைகீழ், திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. நம் பரீட்சை ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

மறக்கப் போகிற நேரம் பார்த்துத் திரும்பக் கேட்டால் நன்றாகப் பதியும் என்பதும் பழைய சங்கதிதான். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று கணக்கெடுத்து வைத்தார். 1972-ல் லைட்னர் என்பவர் அட்டைகளை ஐந்து அறையுள்ள பெட்டியில் போட்டு, தெரிந்ததை அடுத்த அறைக்கும் தெரியாததை முதல் அறைக்கும் மாற்றச் சொன்னார், முதல் அறையை அடிக்கடி எடுத்துக் கேட்க வேண்டும், பின் அறைகளை நாள் தள்ளிக் கேட்டால் போதும். அந்தப் பெட்டி வேலையைப் போனில் செய்கிற ஆப்தான் ஆங்கி. பிளே ஸ்டோரில் ஆங்கிடிராய்ட் (AnkiDroid) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், அதே சாயலில் வேறு ஆப்களும் வரும், பெயர் முழுசாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. ஒரு தடவை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும்.

ப்ளஸ் குறியை அழுத்தி முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் தட்டினால் ஒரு கார்டு. தமிழில் தட்ட முடியவில்லை என்றால் கீபோர்டில் மைக்கை அழுத்திப் பேசலாம், படத்தையும் ஒட்டலாம். ஆனால் கார்டு எழுதுவதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு பெண் பிள்ளை முன்பக்கம் "காஸ் விதியை விளக்குக" என்று போட்டு, பின்பக்கம் புத்தகத்தின் முழுப் பக்கத்தையும் படம் பிடித்து ஒட்டியிருந்தாள். அந்தக் கார்டு வரும்போதெல்லாம் அவள் "ஆமாம், தெரியும்" என்று தள்ளிவிடுவாள். அதைப் பிரித்து இப்படி மூன்றாக்கினோம்:

புள்ளி மின்துகளிலிருந்து தள்ளிப் போனால் மின்புலம் எப்படிக் குறையும்? தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில்.

முடிவிலா நீளமுள்ள மின்னூட்டக் கம்பியிலிருந்து? தொலைவுக்கு எதிர்த்தகவில்.

முடிவிலா சமதளத் தட்டிலிருந்து? குறையாது, தொலைவைச் சார்ந்ததே இல்லை.

இந்த மூன்றும் தனித்தனியாக வெவ்வேறு நாளில் வந்து கேட்கும். ஒரு மார்க்கில் பிள்ளைகளைக் குழப்புவதும் இந்த மாதிரி இடங்கள்தான். ஒரு கார்டு, ஒரு கேள்வி, ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ போட்ட கார்டுகளை இறக்கிக்கொள்ளலாமே என்றால், வேண்டாம், கார்டு எழுதும்போதே பாதி படித்தாகிவிடுகிறது.

பதிலைப் பார்த்ததும் கீழே நான்கு பட்டன் வரும்: அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. தெரியவில்லை என்றால் அகெய்ன்தான், கூச்சப்பட்டு ஹார்டை அழுத்தாதீர்கள், அழுத்தினால் தெரிந்தது, ஆனால் கஷ்டப்பட்டுச் சொன்னேன் என்று ஆப் எடுத்துக்கொண்டு தள்ளிப் போட்டுவிடும். ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டு என்று அதுவாக வைத்திருக்கும், அதை 10 ஆக்குங்கள். 20 என்று ஆசையாகத் தொடங்கினவர்கள் மூன்றாவது வாரம் திரும்பி வருகிற கார்டுகளின் குவியலைப் பார்த்துப் பயந்து ஆப்பையே திறப்பதில்லை. 10 என்றால் பழையதும் சேர்த்துப் பதினைந்து இருபது நிமிடத்தில் முடியும். ஊருக்குப் போய் நான்கு நாள் விட்டுப்போனால் புதுக் கார்டைப் பூஜ்யமாக்கிவிட்டுப் பழையதை மட்டும் முடித்துக்கொண்டு வாருங்கள்.

போன் சுத்தமாகக் கிடைக்காது என்பவர்கள் கல்யாணப் பத்திரிகையின் காலிப் பக்கத்தை வெட்டி அட்டை செய்து, செருப்பு டப்பாவில் அறை பிரித்துப் போடுங்கள். லைட்னர் சொன்னதே அதுதானே.

ஐந்து மார்க்: ரெக்கார்டரை அழுத்திவிட்டுப் பாடம் நடத்துங்கள்

ஒரு சமன்பாட்டைப் படிப்படியாக வரவழைத்துக் காட்டும் வருவிப்பு (டெரிவேஷன்) கேள்விகளுக்குக் கார்டு உதவாது. இதற்குப் போனிலேயே இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டர் போதும். மின் இருமுனையால் அச்சுக்கோட்டில் ஏற்படும் மின்புலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் படம் வரைந்துகொண்டே, எதிரில் தம்பி உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாய்விட்டு நடத்துங்கள், போன் பக்கத்தில் ரெக்கார்டு ஆகட்டும். ஆறேழு நிமிடம். அப்புறம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேளுங்கள்.

போன வருடம் ஒரு மாணவி எனக்குக் கேட்கக் கொடுத்த பதிவில், கடைசிக் கட்டத்தில் "கீழே இருக்கிற அது போயிடும்" என்று சொல்லியிருந்தாள். எது போயிடும், ஏன் போயிடும்? நாம் பார்க்கும் புள்ளியின் தொலைவு இருமுனையின் நீளத்தைவிட மிகப் பெரியது, அதனால் சின்னதைப் புறக்கணிக்கிறோம் என்ற ஒரு வரி விட்டுப்போயிருந்தது. நோட்டில் பார்த்தால் வருவிப்பு சரியாகவே இருக்கும், ஏனென்றால் மனப்பாடம். வாயால் சொல்லும்போதுதான் ஓட்டை தெரிகிறது. தன் குரலைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது என்று முதல் வாரம் எல்லாரும் சொல்வார்கள், அப்புறம் பழகிவிடும். நல்லதாக வந்த பதிவுக்குப் பாடப் பெயர் போட்டு வைத்துக்கொண்டால் பஸ்ஸில் போகும்போது கேட்கலாம் என்பார்கள் சிலர், பள்ளிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அந்த யோசனை நமக்கு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஆகும்.

வீடியோ

2018-ல் புதுப் பாடத்திட்டம் வந்ததிலிருந்து நம் புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சடித்திருக்கிறார்கள், திக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. எதைப் பார்த்தாலும், பார்க்கும் முன் நோட்டில் ஒரு கேள்வி எழுதிவிட்டுத் தொடங்குங்கள்: "லென்ஸ் விதியில் எதற்கு அந்தக் கழித்தல் குறி?" பதில் கிடைத்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், வீடியோவை முடித்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூடிவிட்டு மூன்று வரி எழுதிப் பாருங்கள், எழுத வரவில்லை என்றால் பார்த்தது சினிமா.

பார்ப்பதைவிடச் செய்து பார்ப்பது மேல். ஃபெட் (PhET) என்று ஒரு இணையதளம், இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, முழுக்க இலவசம். மின்சுற்று கட்டிப் பார்க்கும் பகுதியில் பாட்டரி, பல்பு, கம்பி எல்லாம் விரலால் இழுத்து இணைக்கலாம். பல்புகளை முதலில் தொடரிணைப்பில் போடுங்கள், பிறகு பக்க இணைப்பில். பாட்டரியின் இரண்டு முனையையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டால் திரையில் தீப்பிடிக்கும், பிள்ளைகள் முதலில் செய்வது அதைத்தான். செய்யட்டும், மின்தடை இல்லாவிட்டால் மின்னோட்டம் என்ன ஆகும் என்பதை அப்புறம் நான் தனியாக நடத்த வேண்டியதில்லை.

இந்த இடத்தில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கொரோனா சமயத்தில் ஒரு டெலிகிராம் குரூப் தொடங்கி கையில் கிடைத்த பிடிஎஃப், வீடியோ லிங்க் எல்லாவற்றையும் அனுப்பினேன், கடைசியில் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஒரு நாள் சும்மா விசாரித்தால் பத்தைக்கூட யாரும் திறந்திருக்கவில்லை. சேர்த்து வைத்தாலே படித்த திருப்தி வந்துவிடுகிறது போல. இப்போது வாரத்துக்கு ஒன்றுதான் அனுப்புகிறேன், அதுவும் கேள்வியோடு.

ஏஐயிடம் விடை கேட்காதீர்கள்

கணக்கைப் படம் பிடித்து ஏஐ ஆப்பில் போட்டால் விடையைப் படிப்படியாகக் கொடுத்துவிடுகிறது, அதைப் பார்த்து எழுதினால் வீட்டுப்பாடம் முடியும், பரீட்சை ஹாலில் கை ஓடாது. அதனால் கேட்கிற விதத்தை மாற்றுங்கள். நான் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் வரி இது, அப்படியே தட்டலாம்: "நான் பிளஸ் டூ மாணவி. மின்காந்தத் தூண்டல் பாடத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேள். நான் பதில் சொன்ன பிறகுதான் அடுத்தது. நான் தப்பாகச் சொன்னால் விடையைச் சொல்லாதே, எங்கே தப்பு என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் கொடு." கணக்கில் மாட்டிக்கொண்டால் கேள்வியைப் படம் பிடிக்காமல், நீங்கள் போட்டுப் பார்த்த தாளைப் படம் பிடித்து "எந்த வரியில் தவறு?" என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு அது கொடுக்கும் கலைச்சொல் நம் புத்தகத்துச் சொல்லாக இருக்காது. ஒரு பையன் மின்புலத்தை "மின்சார வயல்" என்று எழுதிக்கொண்டு வந்தான், எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் இதிலிருந்துதான். எண் விடைகளிலும் சில நேரம் தைரியமாகத் தப்புச் சொல்லும். புத்தகம் பக்கத்தில் இல்லாமல் அதனிடம் பேசாதீர்கள்.

மிச்ச நேரம் போன் எங்கே இருக்க வேண்டும்?

வேறு அறையில். மேஜை மேல் கவிழ்த்து வைப்பது போதாது. 2017-ல் டெக்சஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவரின் குழு வெளியிட்ட ஓர் ஆய்வில், போனை மேஜையில் வைத்துக்கொண்டு சோதனை எழுதியவர்களைவிட வேறு அறையில் விட்டுவந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள், போன் சத்தம் போடாவிட்டாலும்கூட. பின்னால் வந்த எல்லா ஆய்விலும் இதே விளைவு வரவில்லை, ஆனாலும் இதைச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் போனுக்கு இடம் ஃப்ரிட்ஜ் மேல்.

அப்போது நேரம் பார்ப்பது எப்படி? சுவர்க் கடிகாரம்தான், இல்லாவிட்டால் பழைய பட்டன் போன். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்கிற பொமொடோரோ முறையை 1980-களின் கடைசியில் சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத்தான் தொடங்கினார், அதற்கு ஆப் தேவையே இல்லை. கார்டுக்கும் ஒரு மார்க்குக்கும் 25 நிமிடம் சரி. வருவிப்பும் கணக்கும் எழுதும்போது 25-ல் மணி அடித்தால் எரிச்சல்தான் வரும், 45 வைத்துக்கொள்ளுங்கள்.

அலாரத்துக்குப் பெயர் வைக்கலாம் என்பது தெரியுமா? 8.10-க்கு "கார்டு", 8.30-க்கு "ரெக்கார்டு, ஒரு வருவிப்பு", 8.55-க்கு "போனை அப்பாவிடம் கொடு". கடைசி அலாரம்தான் முக்கியம், அது அடிப்பது அப்பா காதிலும் விழும்.

அப்பா அம்மாக்களுக்கு இரண்டே வார்த்தை. பிள்ளை போனைத் திருப்பிக் கொடுத்ததும் உள்ளே போய் என்ன பார்த்தான் என்று துழாவாதீர்கள், வாரம் ஒரு தடவை அந்த ரஃப் நோட்டுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், போதும். அப்புறம், ஒன்பதரை மணிக்கு நீங்கள் ஹாலில் சத்தமாக ரீல்ஸ் பார்த்துக்கொண்டு உள்ளே இருப்பவனைப் படி என்று சொன்னால் அவன் காது எங்கே இருக்கும்?

மார்ச் மாதம் பரீட்சைக்கு முந்தின நாளுக்கும் சொல்லிவிடுகிறேன். அன்று புதுக் கார்டு வேண்டாம், வருகிற பழைய கார்டு மட்டும். "நாளைக்கு இதுதான் வினாத்தாள்" என்று குரூப்பில் ஒன்று கட்டாயம் வரும், திறக்காதீர்கள், அதைப் பற்றி நண்பனுக்குப் போன் போட்டும் கேட்காதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுங்கள். காலை அலாரம் இரண்டு வேண்டும், ஒன்று போனில், இன்னொன்று அம்மாவிடம்.